மிலேத்துவில் கடலைத் தேடுங்கள்: ஈஜியன் கரை இடிபாடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற அக்டோபரில், துருக்கியின் மேற்குக் கரையிலுள்ள மிலேத்து நகரத்தின் பண்டைய அரங்கில், மேல்வரிசைப் படி ஒன்றில் அமர்ந்திருந்தேன். ஒரு குழுவினர் மூச்சிரைக்க ஏறிவந்து, சுற்றிலும் விரிந்த பருத்தி வயல்களைப் பார்த்து, படமெடுத்துக்கொண்டு, "இங்கே வேறொன்றும் இல்லை" என்று சொல்லி இருபது நிமிடத்தில் இறங்கிப் போனார்கள். என் முதல் பயணத்தில் நானும் இதே படியில் நின்று இதையேதான் சொன்னேன். தண்ணீர் கொண்டுபோங்கள், தொப்பி அணியுங்கள் என்பவற்றையெல்லாம் எவரும் சொல்லிவிடுவார்கள் என்பதால், பயணத்தையே வீணாக்கக்கூடிய தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எபேசுவில் நண்பகலில் நுழைவது

இதே கரைப்பகுதியிலுள்ள இந்தப் பண்டைய நகரத்தில் நிழல் குறைவு, பளிங்குத் தெரு வெயிலை முகத்தில் அடிக்கும். கதவு திறக்கும் நேரத்திலேயே மேல் வாயில் வழியாக நுழைந்து, சரிவில் இறங்கி வாருங்கள்.

இன்றைய கரையை அன்றைய கரையென்று நம்புவது

இந்தத் தவறுதான் இன்றும் என்னை உறுத்துகிறது, ஏனெனில் இதைச் செய்பவர் தாம் எதையும் தவறவிட்டதாக உணர்வதே இல்லை.

மிலேத்து ஒரு தீபகற்பத்தின் மீது எழுந்த துறைமுக நகரம். அதன் மூன்று பக்கமும் கடல் இருந்தது. இன்று பூயுக் மெண்டெரெஸ் எனப்படும் மேயாண்டர் ஆறு, நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் லாத்மோஸ் வளைகுடாவையே தூர்த்துவிட்டது. அந்த வளைகுடாவின் உட்பகுதியில் எஞ்சியதே இப்போதைய பாஃபா ஏரி. கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. ஆகவே அரங்கின் முன்னால் நீங்கள் பார்க்கும் வயல் ஒரு காலத்தில் கப்பல்கள் நங்கூரமிட்ட துறை. மேற்கே, சமவெளி நடுவில் தனித்துத் தெரியும் சிறு குன்று லாதே என்னும் தீவு, கி.மு. 494 இல் பாரசீகக் கடற்படை இந்தக் கரையின் கிரேக்க நகரங்களான அயோனிய நகரங்களின் கப்பல்களை முறியடித்தது அந்தத் தீவையொட்டிய நீரில்தான். அந்தத் தோல்விக்குப் பின் மிலேத்துவும் வீழ்ந்தது.

இது தெரியாமல் போனதால் நான் இழந்தது சிறிதன்று. அரங்கைப் பார்த்ததோடு திரும்பிவிட்டதால், அதன் பின்புறக் குன்றைத் தாண்டியிருந்த சிங்கத் துறைமுகத்தை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. துறை வாயிலின் இருபுறமும் காவலாக வைக்கப்பட்ட பளிங்குச் சிங்கங்களால் அதற்கு அப்பெயர் வந்தது. அதன் அருகே இருக்கும் தெல்ஃபினியோன் என்னும் கிரேக்கக் கடவுள் அப்போலோவின் கோயிலிலிருந்துதான், அவருடைய பெரிய கோயில் உள்ள திதிமாவுக்கான புனித ஊர்வலம் புறப்பட்டது. கிறிஸ்தவத் திருத்தூதர் பவுல் கப்பலில் வந்திறங்கி, எபேசு சபையின் மூப்பர்களை வரவழைத்து விடைபெற்றது இந்த ஊரில்தான் என்று விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் படித்திருந்தும், "கப்பல் எங்கே நின்றிருக்கும்?" என்ற கேள்வி அன்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுமுறை வருவதற்குப் பல ஆண்டுகளும் இன்னொரு விமானச் செலவும் ஆயின.

எனவே, எந்த ஊருக்குப் போனாலும், கற்களைப் பார்ப்பதற்கு முன் நீர் எங்கே இருந்தது என்று கேளுங்கள். மிலேத்துவில் அரங்குக்கு மேலுள்ள பைசாந்தியக் கோட்டை வரை ஏறி, பழைய கரைக்கோடு வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த நிலமெல்லாம் கடல் என்று எண்ணி ஒரு சுற்றுப் பாருங்கள். சிதறிக் கிடப்பவை ஒரு நகரமாகச் சேர்வதைக் காண்பீர்கள். எபேசுவிலும் இதே கதைதான்: பெரிய அரங்கிலிருந்து நேராக ஓடும் அகன்ற தூண்தெரு ஏன் ஒரு புதர்க்காட்டில் போய் முடிகிறது என்பதற்கு, தூர்ந்துபோன துறைமுகமே விடை.

நிற்பதெல்லாம் அன்றுமுதல் நிற்பதாக எண்ணுவது

எபேசுவின் செல்சுஸ் நூலக முகப்பு, விழுந்து கிடந்த கற்களைக் கொண்டு 1970களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் மீண்டும் எழுப்பியது. அருகிலுள்ள இன்னொரு பண்டைய நகரமான பிரியேனேயின் அதேனா கோயில் தூண்கள் ஐந்தும் அப்படியே 20ஆம் நூற்றாண்டில் நிறுத்தப்பட்டவை. இதனால் அவற்றின் மதிப்பு குறைவதில்லை. பழைய கல்லையும் புதிதாக நிரப்பிய பகுதியையும் பிரித்தறியக் கண் பழகினால், அந்த உழைப்பின் மீது மதிப்பு கூடவே செய்யும். மிலேத்துவின் சந்தை வாயிலை மட்டும் அங்கே தேட வேண்டாம். அது பெர்லினில் இருக்கிறது.

பழைய பானை ஓட்டுத்துண்டைப் பையில் போடுவது

கூடவே கூடாது. துருக்கியச் சட்டப்படி அது குற்றம்.

மூன்று ஊரையும் ஒரே நாளில் முடிப்பது

பிரியேனே, மிலேத்து, திதிமா மூன்றையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும் பயணத் திட்டங்களில் இறுதியில் நசுங்குவது திதிமாதான். அங்கே அப்போலோ கோயிலுக்குத் திட்டமிட்ட சுமார் 120 தூண்களில் மூன்று மட்டுமே முழு உயரத்தில் நிற்கின்றன. பலரும் அவற்றின் அடியில் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சரிந்திறங்கும் இருண்ட வழியாக உள்முற்றத்துக்குப் போங்கள். அதன் சுவர்களில், தூணின் வளைவு முதற்கொண்டு கட்டட வரைபடங்களைக் கல்தச்சர்கள் மெல்லிய கோடுகளாகக் கீறி வைத்திருப்பதை 1979 இல் லோதர் ஹாசெல்பெர்கர் என்னும் ஜெர்மன் ஆய்வாளர் கண்டறிந்தார். கோயில் முற்றுப்பெற்றுச் சுவர்கள் மெருகேறியிருந்தால் அவை அழிந்திருக்கும். வெளிச்சம் சுவரில் சாய்வாக விழும்போதுதான் அந்தக் கோடுகள் கண்ணுக்குப் புலப்படும். அதற்காகவே அங்கு ஓர் இரவு தங்குங்கள்.