புளியங்கொட்டையும் கண் சொட்டு மருந்தும்: கண் வறட்சியில் நாம் செய்யும் தவறுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கண் மருத்துவமனையில் அம்மாவின் கீழிமைக்குள் மெல்லிய தாள் பட்டை ஒன்றின் நுனியை மடித்துச் செருகினார்கள். 5 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் நீளம். கண்ணை மூடியபடி 5 நிமிடம் உட்கார வேண்டும். கண்ணீர் அந்தத் தாளில் எவ்வளவு தூரம் ஊறி இறங்குகிறது என்று அளப்பார்கள். ஷிர்மர் பரிசோதனை என்று பெயர். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 5-க்குக் கீழே நின்றால் வறட்சி கடுமையானது. அம்மாவின் தாள் 4-இல் நின்றுவிட்டது.

அதற்கு முந்தைய ஓராண்டு முழுக்க அவர் கண்ணில் விட்டுக்கொண்டிருந்தது, வாசலில் பூத்த நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்த சாறு. கேட்டால், "குளிர்ச்சியாக இருக்கிறதே" என்பார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. செடியிலிருந்து கண்ணுக்கு மருந்து வரும் என்ற நம்பிக்கை பொய்யானதல்ல. புளியங்கொட்டைப் பருப்பில் சைலோகுளூக்கன் என்ற பசைப்பொருள் இருக்கிறது. கண்ணீரில் இயல்பாகவே உள்ள மியூசின் என்னும் கொழகொழப்பான பொருளை ஒத்த அமைப்பு அதற்கு உண்டு. ஆகவே கருவிழியின் மேல் ஒட்டி நின்று ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. ஐரோப்பாவில் அது சொட்டு மருந்தாகவே விற்கிறது. கொத்தவரை இனத்து விதையின் பிசினிலிருந்து செய்த பொருள், பல நாடுகளில் கிடைக்கும் செயற்கைக் கண்ணீரில் சேர்கிறது. கண் வறட்சிக்கென்று 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து, ஆமணக்கு எண்ணெய்ப் பால்மத்தில் கலந்துதான் வந்தது. புளி, கொத்தவரை, ஆமணக்கு மூன்றுமே நம் கொல்லையில் இருப்பவை. அதனால்தான் தவறும் எளிதாக நேர்கிறது.

"புளியங்கொட்டை கண்ணுக்கு நல்லது" என்று படித்ததும் கொட்டையை ஊறவைக்கத் தோன்றுகிறது. ஆய்வில் பயன்பட்டது கொட்டையல்ல. துவர்ப்புச் சத்து நிறைந்த தோலை நீக்கி, பருப்பிலிருந்து அந்தப் பசைப்பொருளை மட்டும் பிரித்துச் சுத்தப்படுத்தி, 0.5 அல்லது 1 சதவீதம் என்ற அளவில் கரைத்து, உப்பும் அமிலத்தன்மையும் கண்ணீரோடு ஒத்துப்போகச் சரிசெய்து, கிருமி நீக்கி அடைத்த திரவம் அது. விளக்கெண்ணெய்க்கும் இதே கதைதான். கண் வறட்சி ஆய்வுகளில் பயன்பட்டது, மிகக் குறைந்த அளவு எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து நீரில் கலந்த சொட்டு. கடையில் வாங்கிய விளக்கெண்ணெயை விரலால் தொட்டு இமைக்குள் இடுவது வேறு. பன்னீரையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். கல்யாணத்தில் தெளிக்கிற பன்னீர் கண்ணுக்குள் விடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

எல்லாவற்றிலும் நான் மிகவும் அஞ்சுவது கிருமியை. இலை, பூ, வேர் எதை எடுத்தாலும் அதன் மேல் பூஞ்சை வித்துகள் இருக்கும். வயலில் நெல் தாள் கீறி, பூஞ்சை புகுந்து, கருவிழியில் புண் வந்து பார்வை போன விவசாயிகளைத் தென்னிந்தியக் கண் மருத்துவர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். வறண்ட கண்ணின் மேற்பரப்பில் ஏற்கெனவே நுண்ணிய தேய்மானங்கள் இருக்கின்றன. கிருமியைக் கொல்லும் புரதங்களைக் கொண்டுவரும் கண்ணீரும் குறைவு. அந்தக் கண்ணில் பச்சைச் சாற்றை விடுவது, காவலாளி இல்லாத வீட்டின் கதவையும் திறந்துவைப்பது போல. துணியில் வடிகட்டினால் தூசி போகும், வித்து போகாது. வெந்நீரில் போட்டு எடுத்தாலும், ஆறவைத்த கிண்ணத்திலும் தொட்ட விரலிலும் கிருமி மறுபடி சேர்ந்துவிடும்.

தொழிற்சாலையில்கூட இது பிசகும். 2023-இல் அமெரிக்காவில், சென்னைக்கு அருகே தயாரான, கிருமித் தடுப்புப் பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீரோடு தொடர்புடைய ஒரு பாக்டீரியா தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைப் பாதித்தது. 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். கண்ணில் விடுகிற ஒரு சொட்டுக்கு எவ்வளவு சுத்தம் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியாது.

செடி மாறிப்போவது இன்னொரு ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் பட்டால் வலி அதிகம் இல்லாமலேயே பார்வை மங்கலாம். அது கருவிழியின் உட்புறச் செல் அடுக்கைத் தாக்குகிறது. வலிக்கவில்லையே என்று பலர் தாமதமாக வருகிறார்கள். கள்ளிப்பாலும் கண்ணைக் கடுமையாகப் புண்ணாக்கும். ஊமத்தை வேறு வகையில் கெடுக்கும். அதிலுள்ள அட்ரோபின் வகைப் பொருள்கள் கண் பாப்பாவை விரித்து, சுரப்புகளை வற்றவைக்கும். ஈரம் வேண்டும் கண்ணுக்கு வறட்சியைக் கொடுக்கிற செடியும் நம் தெருவோரத்தில்தான் நிற்கிறது.

"விட்டதும் எரிந்தது, தாரைதாரையாகக் கண்ணீர் வந்தது, அழுக்கெல்லாம் போய்விட்டது" என்று சிலர் மகிழ்ச்சியோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வெங்காயம் நறுக்கினாலும் அப்படித்தான் வரும். அது எரிச்சலுக்கு எதிராகக் கண் அவசரமாகக் கொட்டுகிற நீர். நாள் முழுக்கக் கண்ணின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தில் எண்ணெய், நீர், மியூசின் மூன்றும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். அவசர நீர் வழிந்தோடிவிடும், படலமாக நிற்காது. எரிச்சல் மட்டும் மிஞ்சும்.

இந்த மூன்றில் எது குறைகிறது என்று தெரியாமல் மருந்து தேடுவதுதான், என் கணிப்பில், அடிப்படைத் தவறு. இமை ஓரத்தில் இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் எண்ணெய் குறையும், நீர் சீக்கிரம் ஆவியாகும். கணினித் திரையை இமைக்காமல் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கூடும். அவர்களுக்கு வெதுவெதுப்பான ஒற்றடமும் இமை ஓரத்தைச் சுத்தம் செய்வதும் எந்தச் சாற்றையும்விட முதலில் வேண்டியவை. இமைச் சுத்தத்துக்கு டீ ட்ரீ எண்ணெய் என்று கேள்விப்பட்டு, நீர்க்காத எண்ணெயை இமையில் தடவிவிடாதீர்கள்; கண்ணைச் சுட்டுவிடும். ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் தருகிற சில மாத்திரைகளும் கண்ணை வற்றவைக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மஞ்சளின் குர்குமின், பச்சைத் தேயிலைச் சாறு பற்றியெல்லாம் வருகிற நல்ல செய்திகளில் பெரும்பகுதி, ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களிலும் விலங்குகளிலும் பார்த்தவை. தட்டிலிருந்து மனிதக் கண்ணுக்கு வெகுதூரம். மனிதரில் சோதித்தவற்றில் ஒன்று, இமயப் பகுதியிலும் விளையும் சீபக்தார்ன் பழத்தின் எண்ணெய். 2010-இல் வெளியான பின்லாந்து ஆய்வில் தினமும் 2 கிராம் வீதம் 3 மாதம் விழுங்கியவர்களுக்கு, வறட்சியில் ஏறுகிற கண்ணீரின் உப்புச் செறிவு மற்றவர்களுக்கு ஏறிய அளவைவிடச் சற்றுக் குறைவாகவே ஏறியது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் சிறியது.

அதற்கு நேர்மாறாக, பெரிய பாடம் ஒன்றும் இருக்கிறது. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 535 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு ஓராண்டு முழுக்கத் தினமும் 3 கிராம் மீன் எண்ணெய் ஒமேகா-3, மறு பிரிவினருக்கு ஒப்பீட்டுக்காக ஆலிவ் எண்ணெய். இரு பிரிவினருக்குமே தொந்தரவு குறைந்தது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒப்பிட ஆள் இல்லாமல் மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களை மட்டும் கேட்டிருந்தால், "எனக்குக் குணமானது" என்று அவர்கள் மனதாரச் சொல்லியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. வறட்சி கூடிக் குறைகிற நோய். கூடியபோது எதை ஆரம்பித்தாலும், குறையும்போது அதற்கே பெயர் கிடைக்கும்.

பொன்னாங்கண்ணியைக் கடைந்து சாப்பிடுங்கள், நல்ல கீரை. கண்ணில் மட்டும் பிழிய வேண்டாம். கண்ணில் வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், திடீர் மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். விட்டது என்னவென்று மறைக்காமல், அந்தக் குப்பியையோ செடியின் கொப்பையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அம்மா மறைத்தார். நான்தான் நந்தியாவட்டையைப் பற்றிச் சொன்னேன். மருத்துவர் கோபப்படவில்லை. "வாயும் உலர்கிறதா? விரல் மூட்டு வலிக்கிறதா?" என்று கேட்டார். இரண்டும் இருந்தன. எங்களுக்கு அவை கண்ணோடு சேர்ந்தவை என்று தோன்றியதே இல்லை. ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு ஷோக்ரன் நோய் என்று உறுதியானது. உடலின் எதிர்ப்பாற்றலே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது. ஓராண்டை நாங்கள் பூச்சாற்றில் கழித்திருந்தோம்.

இப்போது சொட்டு மருந்துகளோடு, வாய் வறட்சிக்காக பைலோகார்பைன் மாத்திரையும் சாப்பிடுகிறார். பிரேசில் காடுகளில் வளரும் ஜபோராண்டி என்ற செடியின் இலையில் 1875-இல் கண்டெடுத்த பொருள் அது. ஒரு மாத்திரையில் 5 மில்லிகிராம். அதிகம் வியர்க்கும் என்று முன்பே எச்சரித்துத்தான் கொடுத்தார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே அம்மா ஒருநாள் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இதுவும் இலைதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாசலில் நந்தியாவட்டை இன்னும் பூக்கிறது. பறித்துச் சாமி படத்துக்கு வைக்கிறார்.