கடலோர ராலியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ரேஸ் கார் கைக்கு வந்தால் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். ராலியில் முதல் தவறு அதுதான். இத்தாலியின் மில்லே மிக்லியா 1927 முதல் 1957 வரை அசல் வேகப் பந்தயம். 1977-இல் மீண்டும் தொடங்கியபோது அது சீர்வேக ராலியாக மாறிவிட்டது. இன்று பழங்கார் ராலிகள் பெரும்பாலும் அந்த வகைதான். கொடுத்த சராசரி வேகத்தில், குறித்த நொடியில் கண்ட்ரோலுக்கு, அதாவது நேரம் குறிக்கும் சாவடிக்கு, போய்ச் சேர வேண்டும். பிந்தினாலும் புள்ளி போகும், முந்தினாலும் போகும்.

கணக்கில் அலட்சியம் காட்டாதீர்கள். சராசரி 48 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 75 நொடி, 20 கிலோமீட்டருக்கு 25 நிமிடம். எம்.ஜி. டிசி போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் மீட்டர் மைலில் இருக்கும். "48-ன்னா 30 மைல்தானே" என்று முள்ளை 30-லேயே பிடித்து ஓட்டினால் அந்த 20 கிலோமீட்டரில் 9 நொடி முந்திவிடுவீர்கள். டயர் அளவு மாறியிருந்து மீட்டர் 3 சதவீதம் தப்பாகக் காட்டினால் 45 நொடி போச்சு. அமைப்பாளர்கள் அளந்து கொடுக்கும் தூரத்தில் முதலில் உங்கள் மீட்டரைச் சரிபாருங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை வேடிக்கை பார்க்க விடுவது இன்னொரு தவறு. 1955-இல் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ் மில்லே மிக்லியாவின் ஆயிரம் மைலை 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் முடித்தார். அருகில் இருந்த டெனிஸ் ஜென்கின்சன், ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளக் காகிதச் சுருளில் வழியின் வளைவுகளை எல்லாம் குறித்து வைத்து, கைச்சாடையிலேயே வழி சொன்னார். திறந்த வண்டியில் கடல்காற்று இரைகிறபோது வாயால் சொல்வது காதில் ஏறாது. சாடைகளை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம ஊர் சமாச்சாரம். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாக ராமேசுவரம் போகும் சாலை தட்டையானது. மேடு பள்ளம் இல்லை, வண்டிக்கு என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் காற்றில் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்கே போகும்போது காற்று முதுகில் தள்ளும். வண்டி சுகமாக ஓடும், ஆனால் ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காது, ஹீட் முள் ஏறிக்கொண்டே போகும். பாம்பன் சாலைப் பாலத்தில் அதே காற்று வண்டியை அறையும். 800 கிலோ வண்டி அரை அடி நகர்வதை ஸ்டீயரிங்கிலேயே உணரலாம். மண்டபத்தில் டீக்கடைப் பெரியவர் ஒருவர் எங்களிடம் சொன்னார்: "தம்பி, கச்சான் எழும்பிருச்சு. பாலத்துல ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓட்டுங்க." அப்படியே செய்தோம். பாலத்து நடுவில் செல்ஃபி எடுக்க நிற்கிற கூட்டத்துக்காக ஊர்ந்து போகும்போது ஒன்றாம் கியர் தேவைப்படும். டிசியில் ஒன்றாம் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் அமைப்பு, கிடையாது. கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், பிறகு கியர். பழைய லாரி டிரைவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்த டபுள் கிளட்ச்தான். இதைப் பாலத்தில் வைத்துப் பழகாதீர்கள்.

வண்டி சூடேறினால் நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அதன் மேல்பாகமான ஹெட் விரிசல் விடும். ஆறிய பிறகும் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். ஒருமுறை உச்சிப்புளி தாண்டி நின்றோம். நுங்கு விற்ற அக்கா குடத்தோடு ஓடி வந்தார். நான் சாய்க்கப் போனபோது மைத்துனன் கையைப் பிடித்தான்: "மாமா, நாக்குல வச்சுப் பாருங்க." உப்புக் கரித்தது, போர் தண்ணீர். அதை ஊற்றியிருந்தால் ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்து, உலோகமும் அரித்திருக்கும். விலைக்கு வாங்கிக் குடிக்கிற ஊரில் அந்த அக்கா தன் நல்ல தண்ணீரிலிருந்து ஒரு சொம்பு தனியாகத் தந்தார். அதன்பின் இரண்டு கேன் நல்ல தண்ணீர் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்து இன்ஜின் நின்றால், மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்களே, அதற்குப் பம்ப் மேல் ஈரத்துணி போதும்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையான ஒன்பதரை கிலோமீட்டரில் இரண்டு பக்கமும் கடல். மணல் தாருக்கு மேல் நாக்கு நீட்டிக் கிடக்கும், ஒடுங்கிய பழைய டயர் அதில் வழுக்கும். மணல்மேல் ஏறியபின் பிரேக்கைத் தொடாதீர்கள், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். 1964 புயல் அழித்த தனுஷ்கோடியின் இடிபாடுகளை நின்று பார்ப்பதானால் வண்டியைச் சாலையிலேயே ஓரங்கட்டுங்கள். மணலில் இறக்கினால் தள்ள ஆள் தேட வேண்டும்.

ராத்திரி கடல் பக்கம் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடவே போடாதீர்கள். உப்பு ஈரத்தில் பிரேக்கின் உரசும் பட்டையான லைனிங், சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காலையில் முதல் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். ஊர் தாண்டும் முன் நாலைந்து தடவை லேசாக மிதித்து ஈரத்தை ஓட்டிவிடுங்கள். ராலி முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தையும், கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியின் அடியையும் கழுவுங்கள். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.