நியூரோஸ்போரா மைட்டோகாண்ட்ரியாவில் நேர்கோட்டுப் பிளாஸ்மிட்டைக் கண்டறியும் முறை

நியூரோஸ்போரா கிராசா என்னும் பூஞ்சையை முதுமையடையச் செய்யும் மரன்ஹார் என்னும் சுமார் 7 கிலோபேஸ் (7,000 கார இணைகள்) நீள நேர்கோட்டுப் பிளாஸ்மிட் (மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனித்துப் பெருகும் டிஎன்ஏ), மும்பை ஆரேயில் சேகரித்த பூஞ்சையிலேயே அறியப்பட்டது என்பதை, மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஆய்வுக்கூடம் செல்லும் நம் மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

பூஞ்சையிழைகளைச் சுக்ரோஸும், உலோக அயனிகளைப் பிணைக்கும் ஈடிடிஏவும் கலந்த குளிர்ந்த கரைசலில் அரைத்து, குறைந்த வேகத்தில் சுழற்றிக் கழிவை நீக்கியபின், தெளிந்த மேல்நீரை அதிவேகத்தில் சுழற்றினால் மைட்டோகாண்ட்ரியா அடியில் படியும். அதை எஸ்டிஎஸ் என்னும் சலவைப்பொருள் கொண்டு உடைக்கும்போது, புரதத்தைச் செரிக்கும் நொதியான புரோட்டினேஸ் கே சேர்ப்பதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பிளாஸ்மிட்டின் இரு 5' முனைகளிலும் புரதம் பிணைந்திருப்பதால், அப்புரதத்தைச் செரிக்காவிட்டால், புரதத்தை நீக்கும் பீனால் பிரிப்பில் டிஎன்ஏ பீனாலுக்கும் நீருக்கும் இடைப்பட்ட படலத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

பிறகு அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். தனிப் பட்டை தெரிந்தால், டிஎன்ஏவை 3' முனையிலிருந்து வெட்டும் நொதியான எக்ஸோநியூக்ளியேஸ் 3 அதைச் சிதைக்கிறதா, 5' முனையிலிருந்து வெட்டும் லாம்டா எக்ஸோநியூக்ளியேஸ் விட்டுவைக்கிறதா என்று பாருங்கள். 5' முனை காக்கப்பட்டிருப்பதற்கு என் கருத்தில் இதுவே தெளிவான சான்று.