பார்ட்டிஷனை மாற்றிய பிறகு லினக்ஸ் பூட் ஆகவில்லையா?

டிஸ்கைப் பிரிக்க உதவும் ஜிபார்ட்டெட் என்ற மென்பொருளில் ஒரு பார்ட்டிஷனை (டிஸ்கின் ஒரு பகுதியை) ஃபார்மேட் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்தால், திரையில் ஒரு வரி 1 நிமிடம் 30 நொடி வரை எண்ணிக்கொண்டே நிற்கும். அப்புறம் எமர்ஜென்சி மோடில், அதாவது பழுதுபார்க்க மட்டுமான கறுப்புத் திரையில், போய் விழும். பதறி லினக்ஸை மறுபடி நிறுவிவிடாதீர்கள். ஃபார்மேட் செய்யாத மற்ற பார்ட்டிஷன்களில் உள்ள உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

ஃபார்மேட் செய்ததும் அந்தப் பார்ட்டிஷனுக்குப் புது யூயூஐடி (அடையாள எண்) வந்துவிடுகிறது. பூட் ஆகும்போது எந்தெந்தப் பார்ட்டிஷன்களை இணைக்க வேண்டும் என்ற பட்டியல், எட்சி (/etc) ஃபோல்டரில் உள்ள எஃப்எஸ்டாப் (fstab) ஃபைல்; அதில் இருப்பதோ பழைய எண். இல்லாத ஒன்றைத் தேடித்தான் சிஸ்டம் காத்திருக்கிறது. ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேம் போதாதபோது உதவும் இடம்) என்றால் தாமதத்தோடு தப்பிக்கலாம், டேட்டா பார்ட்டிஷன் என்றால் பூட் நின்றே போகும்.

லைவ் யூஎஸ்பியில், அதாவது நிறுவாமலே லினக்ஸை இயக்கும் பென் டிரைவில், பூட் செய்யுங்கள். இந்த வழிதான் எளிது. உங்கள் ரூட் பார்ட்டிஷனை (லினக்ஸ் நிறுவியிருக்கும் பகுதியை) மவுன்ட் செய்து, அதாவது இணைத்து, அதற்குள் இருக்கும் எஃப்எஸ்டாபைத் திறக்க வேண்டும். லைவ் சிஸ்டத்துக்கும் அதே பெயரில் ஒரு ஃபைல் உண்டு, பலர் அதைத் திருத்திவிட்டு மணிக்கணக்கில் குழம்புகிறார்கள். புது எண்ணை பி-எல்-கே-ஐ-டி (blkid) கட்டளை காட்டும். ஓர் எழுத்துகூடப் பிசகாமல் இருக்க, கையால் அடிக்காமல் காப்பி செய்து, எஃப்எஸ்டாபில் பழைய எண் இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

டேட்டா பார்ட்டிஷன் வரியில் டிஃபால்ட்ஸ் (defaults) என்பதை அடுத்து, இடைவெளி விடாமல் கமா போட்டு நோஃபெயில் (nofail) என்று சேர்த்துவிடுங்கள். இனி அந்த டிஸ்க் கிடைக்காவிட்டாலும் சிஸ்டம் திறக்கும். ரூட் வரியில் மட்டும் இது வேண்டாம்.