பழைய கார் வாங்குமுன்: ஆர்.சி. முதல் டயர் வரை

எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்பதற்காக அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பேப்பர் சரியில்லாத கார் சட்டப்படி ரோட்டில் இறங்க முடியாது.

1. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போடுங்கள். ஃபிட்னஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று எதுவரை என்று வரும். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். அதன் பிறகு ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கியிருந்தால், விற்பவரையே எஃப்.சி. (ஃபிட்னஸ், அதாவது தகுதிச் சான்று) எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

2. சேஸிஸ் எண்ணை (வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்) நேரில் பாருங்கள். கிரீஸைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் 17 எழுத்தும் எண்ணும் தெளிவாகப் பதியும். ஆர்.சி.யோடு (பதிவுச் சான்று) ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சுற்றிலும் கிரைண்டர் கீறலோ, புது பெயின்டோ, வெல்டிங்கோ தெரிந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

3. ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் (வண்டி மீது கடன்) என்று வங்கிப் பெயர் இருக்கிறதா? கடன் முடிந்தாலே அது போய்விடும் என்று நம்பாதீர்கள். கடன் முடிந்தது என்று வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ஐக் கையில் வாங்கிய பிறகே மீதிப் பணம். புதுச்சேரிப் பதிவு போல வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்றும் வேண்டும். இங்கே கட்ட வேண்டிய வரியையும் சேர்த்து விலை பேசுங்கள்.

4. டயரின் பக்கவாட்டில் சின்ன முக்கோணம் அல்லது டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்து இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மி.மீ. டயர் அதுவரை தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். மழையில் தண்ணீரை ஒதுக்கப் பள்ளம் மிச்சமிருக்காது. பிரேக் லைட், ஹாரன், வைப்பர், சீட் பெல்ட் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பிற்பாடு கேஸ் கிட் மாட்டியிருந்தால் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

5. புகைச் சான்று பி.எஸ். 4, பி.எஸ். 6 (புகை அளவுக்கான அரசு தரநிலைகள்) வண்டிக்கு ஒரு வருடம், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம். இன்சூரன்ஸில் தேர்ட் பார்ட்டியாவது (மற்றவருக்கு ஆகும் பாதிப்புக்கானது) உயிரோடு இருக்க வேண்டும். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விட்டுவிட்டால், உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்கு கிளெய்ம் கிடைப்பது சிக்கலாகும். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) விற்றவருடையது, உங்களுக்கு வராது.

6. பெரும்பாலானோர் சறுக்குவது பெயர் மாற்றத்தில்தான். அதற்கான படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 ஒன்று வேண்டும். விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். தேதி போடாமல் கையெழுத்து வாங்கி புரோக்கர் வைத்துக்கொள்ளும் ‘ஓபன்’ பேப்பருக்கு இருவருமே சம்மதிக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.