விமானப் பயணத்துக்கான நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதன்முறை வாங்குபவர்களுக்கான விளக்கம்

விமானம் நிலையான உயரத்தை அடைந்து பறக்கும்போது கேபினுக்குள் இரைச்சல் பெரும்பாலும் 80 முதல் 85 டெசிபல் வரை இருக்கும். எஞ்சினின் உறுமல், விமானத்தின் உடற்பகுதியை உரசிக்கொண்டு விரையும் காற்றின் ஓசை, குளிர்காற்றுத் துவாரங்களின் சீறல் ஆகிய மூன்றும் கலந்த அந்த ஓசை மணிக்கணக்கில் ஓயாமல் தொடர்வதால் உடல் அசந்துபோகிறது. அதையும் மீறிப் பாட்டோ படமோ காதில் விழ வேண்டுமென்று ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகிறோமே, காதுக்கு உண்மையான கேடு அங்குதான் வருகிறது. பாட்டு கேட்கும் கருவிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ள வரம்பு பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல். கேபின் இரைச்சலே அந்த அளவை எட்டிவிடுவதால், இரைச்சலைக் குறைத்து, மெல்லிய ஒலியளவிலேயே கேட்க வழிசெய்யும் ஹெட்போன் அடிக்கடி பறப்பவர்களுக்கு நிச்சயம் பயன்படும்.

ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண்ணைவிட, அந்த ஹெட்போன் உங்கள் காதில் எவ்வளவு நன்றாகப் படிகிறது, எத்தனை மணி நேரம் வலியில்லாமல் இருக்கிறது என்ற இரண்டுமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்.

படி 1: கருவி எதை நீக்கும், எதை நீக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏ.என்.சி. (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) எனப்படும் மின்னணு இரைச்சல் நீக்கத்தில், ஹெட்போனில் உள்ள நுண்ணிய மைக்குகள் வெளி இரைச்சலைப் பிடிக்கின்றன. உள்ளே இருக்கும் சிப், அந்த ஒலியலையில் மேடு உள்ள இடத்தில் பள்ளமும் பள்ளம் உள்ள இடத்தில் மேடும் வருமாறு ஓர் எதிரலையை உருவாக்கி ஸ்பீக்கர் வழியாக அனுப்ப, இரண்டும் காதருகே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்த உத்திக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1978-இல் ஐரோப்பாவிலிருந்து பாஸ்டனுக்குத் திரும்பிய விமானத்தில், இரைச்சலால் பாட்டைச் சரியாகக் கேட்க முடியாமல் போன அமர் போஸ் (போஸ் ஆடியோ நிறுவனத்தைத் தொடங்கியவர்), பயணத்தின்போதே அதற்கான கணக்குகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை 1989-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆக, இந்தத் தொழில்நுட்பம் மக்களுக்கு வந்து சேர்ந்ததே விமானத்தின் வழியாகத்தான்.

எதிரலை உத்தி சீரான, தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகளில் சிறப்பாக எடுபடும். தோராயமாக 1,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 1,000 அதிர்வுகளுக்கு) மேலே போகப் போக அதன் பலன் குறையும். எஞ்சின் உறுமல் இந்தக் கீழ்ப்பகுதியில் அடங்குவதால் பெருமளவு மறைந்துவிடும். பக்கத்து சீட்டுக்காரரின் பேச்சு, குழந்தையின் அழுகை, தட்டுகள் மோதும் ஓசை போன்றவை உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள். அவற்றைத் தடுப்பது காதைச் சுற்றிப் படியும் மெத்தையோ காதுக்குள் போகும் ரப்பர் முனையோதான். எவ்வளவு விலையுயர்ந்த ஹெட்போனாக இருந்தாலும் முழு அமைதி கிடைக்காது என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

படி 2: பெட்டியில் உள்ள சொற்களைக் கவனமாகப் படியுங்கள்

புதியவர்கள் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் இது. ஏ.என்.சி. என்றால் நீங்கள் கேட்கும் இரைச்சல் குறையும். ஈ.என்.சி. என்று போட்டிருந்தால், நீங்கள் போனில் பேசும்போது உங்கள் குரலோடு சேர்ந்துபோகும் சுற்றுப்புற ஓசை எதிர்முனையில் இருப்பவருக்குக் குறையும். உங்கள் காதுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. "நாய்ஸ் கேன்சலிங் மைக்" என்பதும் இதே வகைதான். "நாய்ஸ் ஐசொலேஷன்" என்றால் மெத்தையோ ரப்பரோ காதை அடைப்பதால் கிடைக்கும் தடுப்பு மட்டுமே. அதில் மின்னணு வேலை எதுவும் இல்லை. விலை குறைந்த பல இயர்பட்ஸ் பெட்டிகளில் இந்தச் சொற்கள் ஏ.என்.சி. என்று எண்ணத் தோன்றும் விதத்தில் பெரிய எழுத்தில் இடம்பெறுகின்றன. ஆகவே, விவரக்குறிப்பில் ஏ.என்.சி. என்ற மூன்றெழுத்து தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

"45 டெசிபல் வரை குறைக்கும்" என்பது போன்ற வாசகங்களில் உள்ள "வரை" என்ற சொல்லையும் கவனியுங்கள். அது பெரும்பாலும் ஏதோ ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு. இரண்டு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை, ஏனெனில் அவரவர் அளந்த முறை வேறு.

படி 3: வடிவத்தை முடிவு செய்யுங்கள்

காதை முழுவதும் மூடும் ஓவர்-இயர், காதின் மேல் அமரும் ஆன்-இயர், காதுக்குள் நுழையும் இயர்பட்ஸ் என்று மூன்று வகைகள் உண்டு. ஆன்-இயர் வகையை நீண்ட பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது காதுமடலை அழுத்துவதோடு சரியாக மூடுவதும் இல்லை.

மற்ற இரண்டில், விமானத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைப் பொறுத்துத் தேர்வு அமையட்டும். விழித்திருந்து படம் பார்ப்பவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் ஓவர்-இயர் நல்லது. ஜன்னல் பக்கம் தலைசாய்த்துத் தூங்குபவர்களுக்கு, அதன் தடித்த கிண்ணம் ஜன்னலோரச் சுவருக்கும் கன்னத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு விலகிவிடும். விலகிய மறுகணமே உறுமல் உள்ளே வந்துவிடும். அவர்களுக்கு இயர்பட்ஸ் வசதி.

படி 4: அணிந்து பாருங்கள், அவசரப்படாதீர்கள்

இந்தப் படிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். கடையில் 2 நிமிடம் மாட்டிப் பார்த்தால் எல்லா ஹெட்போனும் சுகமாகத்தான் தோன்றும். குறைந்தது 20 நிமிடமாவது அணிந்திருங்கள். உச்சந்தலையில் பட்டை அழுத்துகிறதா, தாடை மூட்டருகே வலிக்கிறதா, காதுமடல் உள்ளே ஸ்பீக்கர் துணியில் இடிக்கிறதா என்று பாருங்கள். எடையும் மாடலுக்கு மாடல் கணிசமாக மாறும்: சோனி டபிள்யூஹெச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம், ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். கையில் பிடிக்கும்போது பெரிதாகத் தெரியாத இந்த வேறுபாடு, எட்டு மணி நேரப் பயணத்தில் கழுத்துக்குத் தெரியும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். கண்ணாடியின் காம்பு காதுக்கு மேலே செல்லும் இடத்தில் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே சிறு இடுக்கு உண்டாகும். ஏ.என்.சி.யை இயக்கியபடி, காம்புக்கு அருகே மெத்தையை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் உறுமல் சட்டென்று குறைந்தால், அந்த இடுக்கு வழியாக இரைச்சல் கசிகிறது என்று பொருள். மென்மையான, தடித்த மெத்தை உள்ள மாடலில் இந்தக் கசிவு குறைவாக இருக்கும். மெல்லிய காம்புள்ள கண்ணாடியும் உதவும்.

இயர்பட்ஸ் என்றால், பெட்டியில் வரும் ரப்பர் முனைகளில் எல்லா அளவுகளையும் மாற்றிப் பாருங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் வெவ்வேறு அளவு பொருந்துவது மிகச் சாதாரணம். சரியான முனையைப் போட்டதும் உங்கள் குரலே தலைக்குள் ஒலிப்பதுபோல் கேட்கும். வாயை அகலத் திறந்து மூடும்போதும் அந்த உணர்வு மாறாமல் இருந்தால் பொருத்தம் சரி.

படி 5: இரைச்சல் நீக்கத்தைச் சரியான இடத்தில் சோதியுங்கள்

அமைதியான கடைக்குள் நின்றுகொண்டு ஏ.என்.சி.யைச் சோதிக்க முடியாது. விமான ஓசையை போனில் ஒலிக்கவிட்டுச் சோதிப்பதும் வீண், ஏனென்றால் போனின் சிறிய ஸ்பீக்கரால் அந்தத் தாழ்ந்த உறுமலை எழுப்பவே இயலாது. ஏ.சி.யின் வெளி யூனிட், பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன், நின்றபடி எஞ்சின் ஓடும் பேருந்து என்று தொடர்ந்து உறுமும் ஏதேனும் ஒன்றின் அருகே செல்லுங்கள். பாட்டு எதையும் ஒலிக்கவிடாமல் ஏ.என்.சி.யை ஒருமுறை நிறுத்தியும் ஒருமுறை இயக்கியும் வேறுபாட்டைக் கேளுங்கள். பாட்டு ஓடினால் வேறுபாடு மறைந்துவிடும்.

அப்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சிலருக்கு ஏ.என்.சி. இயங்கியதும் காதை உள்ளிருந்து இழுப்பதுபோல் ஓர் அழுத்த உணர்வு ஏற்படுகிறது. காதினுள் காற்றழுத்தம் உண்மையில் மாறுவதில்லை. ஆனாலும் அந்த உணர்வு தலைசுற்றலில் கொண்டுபோய் விடும் ஆட்களும் உண்டு. அப்படி இருந்தால் இரைச்சல் நீக்கத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள மாடலைத் தேடுங்கள்.

படி 6: விமானத்தின் திரையோடு இணைக்க முடியுமா என்று பாருங்கள்

பல விமானங்களில் முன்சீட்டின் முதுகில் உள்ள திரையில் படம் பார்க்க இன்றும் 3.5 மி.மீ. ஜாக்தான் வழி. பழைய விமானங்களில் கைப்பிடியின் உட்பக்கம் இரண்டு துளைகள் அருகருகே இருக்கும். அதற்கு இரட்டை முனை அடாப்டர் வேண்டும். ஆகவே நீங்கள் வாங்கும் ஹெட்போனில் 3.5 மி.மீ. துளை உண்டா, அதற்கான வயர் பெட்டியிலேயே வருகிறதா என்று கேளுங்கள். ஏர்பாட்ஸ் மேக்ஸில் அந்தத் துளை கிடையாது. வயர் வழியாகக் கேட்க அதற்கெனத் தனி கேபிள் தேவை. வயர் இணைப்பே இல்லாத இயர்பட்ஸ் வைத்திருப்பவர்கள், ஜாக்கில் செருகி புளூடூத்தாக மாற்றித்தரும் சிறிய டிரான்ஸ்மிட்டரை வாங்கிக்கொள்ளலாம். சொந்த போனிலோ டேப்லெட்டிலோ மட்டுமே படம் பார்ப்பவர்களுக்கு இந்தப் படியே தேவையில்லை.

படி 7: பேட்டரியும் மடிப்பும்

நல்ல ஓவர்-இயர் ஹெட்போன்கள் ஏ.என்.சி. இயங்கும்போதே 20 மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கின்றன. இயர்பட்ஸ் பெரும்பாலும் 5 முதல் 8 மணி நேரம்தான். அதற்குப் பின் பெட்டிக்குள் வைத்து சார்ஜ் ஏற்றும்வரை உறுமலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள நேரம் ஏ.என்.சி. இயக்கிய நிலைக்கா, நிறுத்திய நிலைக்கா என்று பாருங்கள். சில மாடல்கள் சார்ஜ் ஏறும்போது வேலை செய்யாது. சார்ஜ் தீர்ந்தபின் வயரில் மட்டும் பாட்டு கேட்க முடியுமா என்பதும் விசாரிக்க வேண்டியதே. பவர் பேங்க் கொண்டுசெல்பவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

மடங்கும் மாடல் கைப்பையில் குறைந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். சோனியின் 1000எக்ஸ் வரிசையில் எக்ஸ்எம்4 மடங்கும், எக்ஸ்எம்5 மடங்காது, எக்ஸ்எம்6 மீண்டும் மடங்கும். ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த மாடல்களிலேயே இப்படி மாறுவதால் நேரில் பார்த்து வாங்குவது நல்லது.

படி 8: விமானத்தில் பயன்படுத்தும் முறை

புறப்படும் முந்தைய நாளே ஆப்பை நிறுவி, போனோடு இணைத்து, நீங்கள் பேசினாலே பாட்டை நிறுத்திவிடும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு தும்மலுக்கும் படம் நின்றுபோகும். விமானத்தில் ஏறியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் மறுபடி இயக்குங்கள். புறப்படும்போதும் இறங்கும்போதும் எது அனுமதி என்பது விமான நிறுவனத்துக்கு ஏற்ப மாறும். பணியாளர்கள் சொல்வதைக் கேளுங்கள். பாதுகாப்பு விளக்கம் முடியும்வரை ஹெட்போனைக் கழற்றியே வைத்திருங்கள். பின்பு ஏ.என்.சி.யை முதலில் இயக்கி, காது பழகியபின் ஒலியளவைப் பூஜ்யத்திலிருந்து மெல்லக் கூட்டுங்கள். இப்படிச் செய்தால் நீங்கள் எண்ணியதைவிடக் குறைந்த ஒலியே போதும் என்பதைக் காண்பீர்கள். அருகில் குழந்தை அழுகிறது என்றால், ஓவர்-இயர் அணிபவர்கள் அதனுள்ளே சாதாரண ஃபோம் காதடைப்பானையும் போட்டுக்கொள்ளலாம், ஏ.என்.சி. விட்டுவிடும் உயர்ந்த ஒலிகளை அது தடுக்கும்.

விமானம் இறங்கத் தொடங்கும்போது காது அடைப்பது காற்றழுத்த மாற்றத்தால், அதற்கு ஏ.என்.சி.யால் எந்தத் தீர்வும் இல்லை. அந்த நேரத்தில் இயர்பட்ஸைக் கழற்றிவிட்டு, அடிக்கடி எச்சில் விழுங்குங்கள். கழற்றியதை மடியில் வைக்காமல் நேரே அதன் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். தவறி சீட்டின் இடுக்குக்குள் விழுந்துவிட்டால், தேடுவதற்காக சீட்டைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ கூடாது. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பற்றக்கூடும். பணியாளரை அழைத்துச் சொல்லுங்கள், அவர்களே எடுத்துத் தருவார்கள்.