வன்னியில் காட்டுயிர்த் தரவு திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீதியோ காற்றாலையோ வருவதற்கு முன், அந்த இடத்தில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று அடிப்படை ஆய்வு செய்ய வேண்டும். களத்தில் இறங்கும் முன் ஏற்கெனவே உள்ள தரவைத் திரட்டுவோம். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் இந்த முதல் படியிலேயே பலர் சறுக்கிவிடுகிறார்கள்.

பெரிய தவறு, பதிவு இல்லாத இடத்தை விலங்கு இல்லாத இடம் என்று எடுத்துக்கொள்வது. 1983 முதல் 2009 வரை போர். முல்லைத்தீவுக் காடுகளுக்குள் ஆய்வாளர்கள் நிம்மதியாகப் போய்வந்த காலமா அது? போர் முடிந்த பிறகும் கண்ணிவெடி அகற்றும்வரை பல இடங்களில் கால் வைக்க முடியவில்லை. பறவை பார்ப்பவர்கள் பெரும்பாலும் வங்காலை, தலைமன்னார் போன்ற கரையோரப் பக்கம்தான் போகிறார்கள். உள்காட்டில் பதிவு குறைவு என்றால், போனவர்கள் குறைவு என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகவே ‘இங்கே கரடி இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘கரடி பற்றிய பதிவு கிடைக்கவில்லை, இங்கு தேடியவர்களும் குறைவு’ என்று எழுதுங்கள். முதல் வரியை நம்பித்தான் காட்டை வெட்ட அனுமதி கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது, ஒரே பதிவை மூன்று முறை எண்ணுவது. ஒரு பழைய அறிக்கையின் பட்டியலை அடுத்த அறிக்கை அப்படியே எடுத்திருக்கும்; அதை இன்னொன்று எடுத்திருக்கும். மூன்று ஆதாரம் இருப்பதாகத் தோன்றும். யார், எந்த ஆண்டில், எந்த இடத்தில் நேரில் கண்டார் என்பதுவரை போய்ப் பாருங்கள். மாவட்டம் முழுவதற்குமான பட்டியலை உங்கள் நூறு ஏக்கருக்குப் பொருத்துவதும் இதே வகைத் தவறுதான்.

ஆண்டைப் பார்க்காமல் விடுவதும் ஆபத்து. மடு வீதிச் சரணாலயமும் சுண்டிக்குளமும் 2015இல் தேசிய பூங்காக்களாகின. பழைய அறிக்கையில் ‘சரணாலயம்’ என்றே இருக்கும். தேசிய பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் வரும் திட்டத்துக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இதைத் தவறவிட்டால் ஆய்வே பிழையாகிவிடும். அழிவாபத்திலுள்ள உயிர்களைக் காட்டும் சிவப்புப் பட்டியலும் அப்படித்தான்: இலங்கைச் சிறுத்தையின் உலக நிலை 2020இல் மாற்றப்பட்டது. தேசிய நிலையையும் உலக நிலையையும் தனித்தனியே குறியுங்கள்.

பருவமும் முக்கியம். வலசைப் பறவைகள் பெரும்பாலும் செப்டெம்பர், ஒக்டோபரளவில் வந்து ஏப்ரலளவில் திரும்பும். ஓகஸ்டில் எடுத்த கணக்கை வைத்து ஒரு குளத்தை எடைபோட முடியாது.

அப்புறம், ஊரவரிடம் கேட்காமல் விடுவது. எனக்கு இதுதான் மிகவும் வருத்தம். தேன் எடுப்பவருக்கும் மாட்டுப் பட்டி வைத்திருப்பவருக்கும் தெரிந்தது எந்தக் கோப்பிலும் இல்லை. படத்தை முதலில் நீட்டாதீர்கள். அவர்களாகவே விலங்கை விவரிக்க விடுங்கள். இங்கே ‘மரை’ என்பதைத் தமிழ்நாட்டு நூல்கள் ‘கடமான்’, ‘மிளா’ என்கின்றன. பெயரில் குழம்பி இரண்டு விலங்காக எழுதிவிடாதீர்கள். அழுங்கு (எறும்புண்ணி) கண்ட இடத்தை ஒருவர் நம்பிச் சொன்னால், அந்த இடத்தைப் பொது அறிக்கையில் துல்லியமாகப் போடாதீர்கள். வேட்டைக்காரரும் அதைப் படிப்பார்கள்.